மெட்டை மட்டும் கேட்டவள்

என் வகுப்புக்கு வருகிறவர்களுக்கு முதல் நாளே ஆளுக்கொரு ரப்பர் பாண்ட் கொடுப்பேன். தபால்காரர்கள் கடிதக் கட்டைப் பிரித்துவிட்டு நடைபாதையில் போட்டுவிட்டுப் போகும் சிவப்பு ரப்பர் பாண்டுகள்தான். போகிற வழியில் பொறுக்கிச் சேர்த்து வைத்திருப்பேன். அதை இரண்டு பெருவிரல்களிலும் மாட்டிக்கொண்டு, வாக்கியத்தில் எந்தச் சொல்லில் பாரம் விழ வேண்டுமோ அந்தச் சொல்லில் இழுக்க வேண்டும். மற்றச் சொற்களில் தளர விட வேண்டும். கை இழுத்தால் குரலும் தானாக நீளும். பெற்றோல் ஷெட்டில் நிற்பவர், முதியோர் இல்லத்தில் வேலை செய்பவர், பேரப்பிள்ளையைப் பார்க்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர் என்று பன்னிரண்டு பேர் வட்டமாக இருந்து ரப்பரை இழுப்பதைக் கண்டால் யாருக்கும் சிரிப்பு வரும். சிரிக்கிறவர்களை நான் முறைத்துப் பார்ப்பேன். எனக்குக் கொஞ்சம் முன்கோபம் உண்டு.

வகுப்பு லண்டனில் ஈஸ்ட் ஹாமில், ஹை ஸ்ட்ரீட் நோர்த்திலிருந்து பிரியும் ஒரு தெருவில், கடைக்கு மேலே இருக்கும் அறையில் நடக்கும். சனிக்கிழமை காலை பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை. பதினொன்றரைக்குக் கீழே வடை பொரிக்கத் தொடங்குவார்கள். அந்த மணம் படியேறி வந்துவிட்டால் பிறகு யாருக்கும் படிப்பில் மனம் நிற்காது.

நான் படிப்பிப்பது இலக்கணம் அல்ல. அதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் படிப்பிப்பது சொல்லின் அழுத்தத்தையும் குரலின் ஏற்ற இறக்கத்தையும். தமிழில் நமக்கு ஒரு வசதி உண்டு. 'நான்தான் வந்தேன்' என்று ஒரு 'தான்' போட்டுவிட்டால் வேலை முடிந்தது. ஆங்கிலத்தில் 'தான்' கிடையாது. அந்தத் 'தான்' செய்கிற வேலையைக் குரல் செய்ய வேண்டும். நம்மவர்கள் எல்லாச் சொல்லுக்கும் ஒரே பாரத்தைப் போட்டு, முடிவில் குரலை உயர்த்தி நிறுத்துவார்கள். கேட்கிற வெள்ளைக்காரருக்கு இவர் ஏன் சண்டைக்கு வருகிறார் என்றிருக்கும்.

இதை நான் புத்தகத்தில் படித்து அறியவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து படிக்க வந்து, படிப்பு முடிந்து முதல் வேலைக்குப் போன அலுவலகத்தில், ஒரு நாள் மேலதிகாரி என்னைத் தனியாகக் கூப்பிட்டு வீட்டில் ஏதும் பிரச்சினையா என்று கேட்டார். நான் காலையில் போனில் கத்தினேனாம். நான் கேட்டது, பார்சல் எப்போது வரும் என்பதை மட்டுந்தான். அன்று கழிப்பறைக்குள் போய் அழுதேன். அதன் பிறகு ஒரு வருஷம் பஸ்ஸிலும் ரயிலிலும் வெள்ளைக்காரர்கள் பேசுவதை உற்றுக் கேட்டு, சொற்களை விட்டுவிட்டு, அவர்களின் மெட்டை மட்டும் வாய்க்குள் 'ம்ம், ம்ம்ம், ம்ம்' என்று முனகிப் பழகினேன். ஆள் பாதி, ஆடை பாதி என்பார்கள். பேச்சில் சொல் கால்வாசி, மெட்டு முக்கால்வாசி என்று சொல்லித் திரிந்தேன். வகுப்பு தொடங்கியபோது என் மாணவர்களையும் அப்படியே முனக வைத்தேன்.

வருஷக்கணக்கில் இதைச் செய்ததில் எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. யார் எதைப் பேசினாலும் சொல் காதுக்கு வெளியே நின்றுவிடும், மெட்டு மட்டும் உள்ளே வரும். அதைத் திறமை என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

அந்த அக்கா வகுப்பில் சேர்ந்தது போன வருஷம் செப்டெம்பரில். ஐம்பத்தைந்து வயதிருக்கும். என்னைவிட ஏழெட்டு வயது கூட. ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு போட்டுக் கொடுப்பவர். கணவர் இல்லை, மகனும் மகளும் அவருடன் இருந்தார்கள். ஏன் படிக்க வந்தீர்கள் என்று எல்லாரிடமும் முதல் நாள் கேட்பேன். வேலை, பிரஜாவுரிமை, மருமகள் என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். அக்காவின் காரணம் எனக்கு இப்போதும் சொல்லுக்குச் சொல் ஞாபகம் இருக்கிறது.

"இருபத்தாறு வருஷமா இஞ்சை இருக்கிறன் ரீச்சர். டாக்குத்தரின்ரை இடத்துக்குப் போன் எடுத்தா, நான் ரெண்டு சொல்லுச் சொல்ல முந்தி மகள் போனைப் பறிச்சுப்போடுவாள். ஒரு நாளைக்கெண்டாலும் நான் தனியக் கதைக்கோணும்."

வகுப்புக்கு வருவதை அவர் வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள் என்று கூச்சம். மரக்கறி வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வருவார். பன்னிரண்டு அடித்ததும் கீழே ஓடிப்போய் முருங்கைக்காயும் கத்தரிக்காயும் வாங்கிக்கொண்டுதான் பஸ் எடுப்பார். இரண்டு மணி நேரமாக என்ன மரக்கறி தெரிந்தெடுத்தீர்கள் என்று வீட்டில் கேட்க மாட்டார்களா என்றேன். அம்மா எப்பவும் விலை பார்த்து அலைகிறவள்தானே என்று நினைப்பார்களாம். அதைச் சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

ஒக்டோபரில் வீட்டு வேலை தொடங்கும், நான் கொடுப்பது குரல்பதிவு. தினமும் ஐந்து வாக்கியம் ஆங்கிலத்தில் சொல்லிப் போனில் எனக்கு அனுப்ப வேண்டும். எதைப் பற்றியும் சொல்லலாம். நான் கேட்டுவிட்டு, எங்கே இழுக்க வேண்டும், எங்கே இறக்க வேண்டும் என்று பதில் பதிவு அனுப்புவேன். மற்றவர்கள் இரண்டு நாளைக்கு ஒன்று, மூன்று நாளைக்கு ஒன்று என்று சாட்டுச் சொல்லித் தப்புவார்கள். அக்கா வேலை நாளில் ஒரு நாளும் தவறமாட்டார். காலையில் வேலைக்குப் போக பஸ் தரிப்பில் நிற்கும்போதுதான் அவருக்குத் தனிமை. பின்னால் பஸ் வந்து கதவு திறக்கும் சத்தம் கேட்கும். அனுப்பியதும் தன் போனில் அதை அழித்துவிடுவார். என் பதிலையும் கேட்டுவிட்டு அழித்துவிடுவார். பிள்ளைகள் கண்டுவிடுவார்கள் என்ற பயம்.

நான் பாராட்டுவதில் கருமி. 'நல்லது' என்ற சொல் என் வாயில் அமாவாசைக்கு ஒரு தரம்தான் வரும். லேசில் பாராட்டினால் ஆட்கள் அத்துடன் நின்றுவிடுவார்கள் என்பது என் கொள்கை. அக்காவுக்கு அந்தச் சொல் வரவே இல்லை. எல்லாச் சொல்லையும் ஒரே எடையில் தூக்கி வைப்பது அவருக்கு ஊறிப்போயிருந்தது.

நவம்பரில் ஒரு வகுப்பில் போன் பேச்சுப் பயிற்சி வைத்தேன். நான் டாக்டரின் வரவேற்பாளர், அவர்கள் நோயாளிகள். அக்கா தன் முறை வந்ததும் எழுந்து நின்று, ரப்பரை மறந்து, பேப்பரில் இருந்ததை முழுக் குரலில் சொன்னார். நான் வரவேற்பாளராகவே பதில் சொன்னேன், ஏன் கத்துகிறீர்கள் என்று. வகுப்பு சிரித்தது. வகுப்பு முடிந்து மற்றவர்கள் படியிறங்கிய பிறகு அவர் என்னிடம் வந்து, இனித் தானே போன் எடுத்துப் பார்க்கட்டுமா என்று கேட்டார். பயந்து பயந்துதான் கேட்டார்.

"இப்ப எடுத்தா, நீங்கள் சண்டைக்கு வாறியள் எண்டு நினைப்பினம் அக்கா. இன்னும் கொஞ்ச நாள் பொறுங்கோ. எப்ப எடுக்கலாமெண்டு நான் சொல்லுறன்," என்றேன்.

"ஓம் ரீச்சர். நீங்கள் சொன்ன பிறகு எடுக்கிறன்," என்றார்.

யாருக்கு யார் அனுமதி கொடுப்பது? அந்த அலுவலகத்துக் கழிப்பறையில் அழுத பெண் நானாகவே இருந்தும், அன்று எனக்கு அது உறைக்கவில்லை. அக்காவை நான் காப்பாற்றுகிறேன் என்று நினைத்தேன்.

அடுத்த கிழமை பாடம், 'இது இல்லை, அது' என்று சொல்வது. தேநீர் இல்லை, கோப்பி. இன்று இல்லை, நாளை. இரண்டில் எதைச் சொல்கிறோமோ அதில் ரப்பர் இழுபட வேண்டும். புதன் வரை நாலு நாளுக்கு இந்த மாதிரியே வாக்கியங்கள் அனுப்பச் சொன்னேன், அதன் பிறகு சனி வரை வீட்டு வேலை இல்லை. பெற்றோல் ஷெட் அண்ணை பகிடிக்காரர். 'என் கார் அல்ல, என் வீடு தீப்பிடித்து எரிகிறது' என்று அனுப்பியிருந்தார். பின்னால் அவர் வீட்டுத் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு இன்னும் அழுத்தம் வேண்டும் என்று பதில் போட்டேன். என்ன சொன்னார் என்று யோசிக்கும் வேலையே எனக்கு இருக்கவில்லை.

அக்காவின் பதிவு புதன்கிழமை காலை வந்தது. நான் அன்று பின்னேரம் கடையில் கறிவேப்பிலைக் கட்டுடன் வரிசையில் நின்றபோது ஒரு காதில் இயர்போனைச் செருகிக் கேட்டேன். முன்னால் நின்றவர் உறைந்த மீனை மாற்றித் தரச் சொல்லி வாதாடிக்கொண்டிருந்தார். பதிவில் அக்காவின் குரல் முதல் தடவையாக ஏறி இறங்கியது. வேண்டிய சொல்லில் நின்றது, வேண்டாத சொற்களைத் தாண்டிப் போனது. எனக்கு உண்மையில் சந்தோஷம் தாங்கவில்லை. வரிசையில் நின்றபடியே பதில் அனுப்பினேன். "அக்கா, வெரி குட். முதல் தரமா உங்கடை குரலிலை 'தான்' கேட்டது. 'வலது' எண்ட சொல்லுக்கு இன்னும் கொஞ்சம் இழுத்தா இன்னும் வடிவு." பிறகு கறிவேப்பிலைக்கும் உழுந்துக்கும் காசு கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

அந்தச் சனிக்கிழமை அக்கா வரவில்லை. அடுத்த சனியும் இல்லை. பதிவுகளும் நின்றுவிட்டன. எனக்கு எரிச்சல். பாருங்கள், ஒரு தரம் பாராட்டினேன், ஆளைக் காணவில்லை என்று வகுப்பிலேயே சொன்னேன். சிலர் சிரித்தார்கள்.

மூன்றாவது சனிக்கிழமை வகுப்பு தொடங்க முதல் ஒரு பெண் படியேறி வந்து வாசலில் நின்றாள். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிருக்கும். கையில் நான் கொடுக்கும் பாடத்தாள் நாலாக மடித்தபடி இருந்தது. அதன் அடியில் என் போன் நம்பர் அச்சிட்டிருக்கும். அதை அம்மாவின் வேலை ஏப்ரனுக்குள் கண்டெடுத்தாளாம். நீங்கள்தானா அந்த ஆசிரியர் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். பிறகு 'அன்ரி' என்றாள். அக்காவுக்கு இரண்டு கிழமைக்கு முந்திய வெள்ளிக்கிழமை காலை பள்ளிக்கூடச் சமையலறையில் பாரிசவாதம் வந்து விழுந்துவிட்டாராம். மூளையின் இடது பக்கத்தில் இரத்தம் அடைத்து, வலது கை விளங்கவில்லை, பேச்சு முழுக்கப் போய்விட்டது. சொல்லுகிறது எல்லாம் அம்மாவுக்கு விளங்குகிறது, வாயில் ஒரு சொல்லும் வரவில்லை என்றாள்.

அவள் என்னிடம் வந்தது அம்மாவின் குரலைத் தேடி. பேச்சுப் பயிற்சி கொடுப்பவர் முந்திய குரல் ஏதும் பதிவாக இருக்கிறதா என்று கேட்டாராம். வீட்டில் கலியாண வீடியோ, பிறந்தநாள் வீடியோ என்று எத்தனையோ இருந்தன. எல்லாவற்றிலும் அம்மா பின்னால் தட்டு எடுத்துக்கொண்டு போகிறாளே தவிர, ஒரு சொல்லும் பேசவில்லை. தாளில் 'குரல்பதிவு அனுப்பவும்' என்று இருந்ததைக் கண்டதும் ஓடி வந்திருக்கிறாள். தருகிறேன் என்றேன். அவள் போகும்போது ஒன்று சொன்னாள். முன்கூட்டியே ஏதும் அறிகுறி இருந்ததா, கை கால் விறைத்ததா என்று டாக்டர்கள் திரும்பத் திரும்பக் கேட்டார்களாம். ஒரே வீட்டில் இருந்தும் தனக்கு ஒன்றும் தெரியவில்லையாம். சோதனைக்குப் படிக்கிறேன் என்று அந்தக் கிழமை முழுக்க அறைக்கதவைச் சாத்திக்கொண்டு இருந்தாளாம்.

அன்று வகுப்பில் நான் என்ன படிப்பித்தேன் என்று தெரியாது. வீட்டுக்குப் போய் உடுப்பும் மாற்றாமல் குசினி மேசையில் இருந்து போனைத் திறந்தேன். முப்பத்தொரு பதிவுகள். முதலாவதிலிருந்து கேட்டேன், இந்தத் தடவை சொற்களை.

அவ்வளவு நாளும் அந்த அக்கா எனக்குத் தன் வாழ்க்கையைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். சமையலறை மேற்பார்வையாளர் தன்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை என்று ஒரு நாள். மகன் நாலு நாளாக முகம் கொடுத்துப் பேசவில்லை என்று ஒரு நாள். தனக்கென்று ஒரு நீலக் கம்பளிச் சட்டை வாங்கி, பிள்ளைகள் ஏன் என்று கேட்பார்கள் என அலமாரிக்குள் ஒளித்து வைத்ததை ஒரு நாள். ஸ்டேஷனில் எஸ்கலேட்டரில் கால் வைக்கப் பயம், யாரும் பார்க்காத நேரம் படியால் இறங்குவேன் என்று ஒரு நாள். அதற்கு நான் போட்ட பதிலையும் கேட்டேன். எஸ்கலேட்டரில் முதல் அசையை அழுத்துங்கோ என்றிருந்தேன்.

முப்பத்தோராவது, புதன்கிழமைப் பதிவு. ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். "இன்று என் வலது கை விறைத்துத் தூங்குகிறது. இடது கை இல்லை, வலது கை. கரண்டி விழுந்துவிட்டது. தேநீர் குடித்த பிறகு சரியாகிவிட்டது. என் மெட்டுச் சரியானதும் டாக்டருக்கு நான் போன் எடுப்பேன். மகள் இல்லை, நான்."

அதற்குப் பிறகு பஸ் கதவு திறக்கும் சத்தம். அடுத்தது என் குரல், வெரி குட்.

செவிடன் காதில் சங்கு ஊதினால் அவன் பேசாமலாவது இருப்பான். நான் சங்கு நல்ல சுருதியில் இருக்கிறது என்று மார்க் போட்டிருக்கிறேன். புதன்கிழமைக்கும் வெள்ளிக்கிழமைக்கும் இடையில் ஒரு முழு நாள் இருந்தது. அக்கா, உடனே போன் எடுங்கோ, கத்தினாலும் பரவாயில்லை, எடுங்கோ என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அதற்கு ஒரு நிமிஷம் போதும். அவரைப் போன் எடுக்க வேண்டாம் என்று மறித்து வைத்தவளும் நான்தான்.

முப்பது பதிவுகளை மகளுக்கு அனுப்பினேன். முப்பத்தோராவதை அனுப்பவில்லை. அவளுக்கு நோகும், சோதனை வைத்திருக்கிற பிள்ளை, பிறகு ஆறுதலாகச் சொல்லலாம் என்று எனக்கு நானே காரணம் சொன்னேன். நோகப் போவது யாருக்கு என்று எனக்கு நன்றாகத் தெரியும். அழிக்கும் பொத்தான் மேல் இரண்டு தரம் விரலை வைத்தேன். அழிக்கவும் இல்லை.

கணவருக்குச் சொன்னேன். அவர் நியாயவாதி. பதிவைக் கேட்டுவிட்டு, "நீர் என்ன டாக்குத்தரோ? கார் இல்லை, வீடு எரியுதெண்டு சொன்ன ஆளுக்கு நீர் தீயணைப்புக்காரரைக் கூப்பிட்டனீரோ?" என்று கேட்டார். பயிற்சி வாக்கியம் என்று யாரும் நினைத்திருப்பார்களாம். அவர் சொன்னது சரி. ஆனால் நான் பயிற்சி வாக்கியம் என்றும் நினைக்கவில்லை, உண்மை என்றும் நினைக்கவில்லை. ஒன்றுமே நினைக்கவில்லை.

தை மாதம் அக்கா வீட்டுக்கு வந்துவிட்டார். மகள் எனக்குப் போன் பண்ணினாள். சொல் போன சிலருக்கு மெட்டு மிஞ்சும், பாட்டுப் போல இழுத்துச் சொல்லப் பழக்கினால் சில சொற்கள் மெட்டோடு ஒட்டிக்கொண்டு திரும்பி வரலாம் என்று பயிற்சி கொடுப்பவர் சொன்னாராம். வகுப்பில் முனக வைப்பது நீங்கள்தானே அன்ரி, ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து அம்மாவுடன் கொஞ்ச நேரம் இருக்க முடியுமா என்று கேட்டாள். என்னை நம்பிக் கேட்கிறாளே என்று வெட்கமாக இருந்தது. வாறன் என்றேன்.

முன்னறையில் கட்டில் போட்டிருந்தார்கள். அக்காவின் முகத்தில் வலது பாதி தொங்கியிருந்தது. என்னைக் கண்டதும் இடது கையால் சேலைத் தலைப்பைத் தேடினார். அவர் போட்டிருந்தது நைற்றி. நான் ரப்பர் பாண்டை எடுத்து, ஒரு பக்கத்தை அவருடைய இடது பெருவிரலிலும் மறு பக்கத்தை என் பெருவிரலிலும் மாட்டினேன். இருவரும் சேர்ந்து இழுத்து முனகினோம். தண்ணி. தேத்தண்ணி. மகள். சொல் வரவில்லை, மெட்டு அச்சொட்டாக வந்தது. பக்கத்திலிருந்த மகள் என் கையைப் பிடித்து நன்றி சொன்னாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அந்த வீட்டில் கொடுத்த தேநீரை மேசையிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

இரண்டாம் ஞாயிறும் அப்படியே போனது. மகள் தன் அறையிலிருந்து அம்மாவின் பழைய பதிவுகளைக் கேட்டுக்கொண்டிருக்கிற சத்தம் கேட்டது. நீலச் சட்டையை அலமாரியிலிருந்து கண்டெடுத்து அம்மாவுக்குப் போட்டுவிட்டிருந்தாள்.

மூன்றாம் ஞாயிறு, நான் சொல்லிக் கொடுத்த எதையும் அக்கா முனகவில்லை. தலையை ஆட்டி மறுத்தார். பிறகு தானாக ஒன்றைத் தொடங்கினார். ம்ம், ம்ம்ம்ம், ம்ம். நடுவில் ஒரு இடத்தில் குரல் எழும்பி நின்றது. திரும்ப இன்னொன்று, அதில் முடிவுக்குக் கிட்ட எழும்பியது. முனகும்போதே இடது கையால் தன் வலது கையைத் தூக்கி மடியில் வைத்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் அதையே முனகினார்.

முப்பத்தொரு பதிவிலும் எந்த மெட்டு எது என்று எனக்கல்லவா தெரியும். வலது கை, இடது கை இல்லை, வலது கை. அக்கா ஒன்றையும் மறக்கவில்லை. என்னைக் கேட்கிறார் என்று நினைத்தேன். உனக்குச் சொன்னேனே, நீ என்ன செய்தாய் என்று மகளுக்கு முன்னால் வைத்துக் கேட்கிறார். மகளோ ஒன்றும் விளங்காமல், அம்மாவுக்குக் கை நோகுதா என்று தலையணையைச் சரி செய்தாள்.

"பிள்ளை, நான் உங்களுக்கு எல்லாம் தரேல்லை. ஒண்டை வைச்சுக்கொண்டிருக்கிறன்," என்றேன்.

போனை எடுத்துப் போட்டேன். அறைக்குள் அக்காவின் குரல் கேட்டது. கரண்டி விழுந்தது, தேநீர் குடித்தது, மகள் இல்லை, நான் என்று சொன்னது, பஸ் கதவு. என் பதில் வர முதல் நிறுத்திவிட்டேன். மகள் போனை என் கையிலிருந்து வாங்கித் திகதியைப் பார்த்தாள். எப்போதும் ஆங்கிலத்தில் பேசுகிறவள் தமிழில் கேட்டாள்.

"அம்மா சொன்னது உங்களுக்கு விளங்கேல்லையா அன்ரி?"

"விளங்காமல் இல்லை. நான் கேக்கேல்லை. மெட்டை மட்டும்தான் கேட்டனான். டாக்குத்தருக்குப் போன் எடுக்கட்டோ எண்டு முந்தியே கேட்டவ. பொறுங்கோ எண்டு மறிச்சதும் நான்தான்."

அவள் என்னைப் போகச் சொல்லுவாள் என்று காத்திருந்தேன். கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அக்கா இடது கையை நீட்டி மகளின் கையிலிருந்த போனைத் தட்டினார். இன்னும் இருக்கிறது, போடு என்று சைகை காட்டினார். மகள் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அவள் அழுத்தினாள்.

"அக்கா, வெரி குட்," என்றது என் குரல், கடைச் சத்தத்துக்கு நடுவில், மிகுந்த சந்தோஷத்துடன். "முதல் தரமா உங்கடை குரலிலை 'தான்' கேட்டது."

அக்காவின் முகத்தில் இடது பாதி மலர்ந்தது. மகளின் கையை இழுத்து, போனைக் காட்டி, என்னைக் காட்டி, தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். ரீச்சர் என்னைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறா கேட்டியா என்கிற பெருமை. அவர் முனகியது என்னைக் குற்றம் சாட்ட அல்ல. மூன்று மாதத்தில் அவர் பாராட்டு வாங்கிய ஒரே வீட்டு வேலை அது. பிள்ளைகளுக்கு ஒளித்துச் செய்ததை இப்போது பிள்ளைக்குக் காட்டிக்கொண்டிருந்தார்.

மகள் கண்ணைத் துடைக்காமலே, "ஓம் அம்மா. வெரி குட்," என்றாள். எனக்குத் தலை நிமிரவில்லை. அக்கா ஒரு விரலை உயர்த்தி, இன்னொரு தரம் போடச் சொன்னார். மகள் போனை என்னிடம் நீட்டினாள். நான் முதலிலிருந்து போட்டேன்.